கறக்கும் கையும் குடிக்கும் வாயும்

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஆநிரை கவர்தலிலேயே போர் தொடங்குவதாகத் திணை வகுத்தவர்கள் நம் முன்னோர். தை மாதம் இரண்டாம் நாளில் மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் மாலை சூட்டி, பொங்கல் ஊட்டி மகிழும் வழக்கம், பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களிலும் நினைவளவிலேனும் நிலைத்திருக்கிறது. ஆயினும் தொழுவம் இல்லாத நகரத்து வீட்டில் மாடு இன்று பால் உறையாக மட்டுமே வாயிற்படி ஏறுகிறது. அந்த உறைக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. அவ்வுயிரைப் பேணும் ஒரு கை இருக்கிறது. இவ்விரண்டையும் மறந்துவிட்ட நிலையில், செல்வம் என்ற பழம்பொருளை மட்டும் நாம் பெருமையோடு சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

எந்தச் செல்வமும் தன்னோடு ஒரு கடமையைக் கொண்டுவரும். மாட்டிடமிருந்து நாம் பெற்றவை பால், எரு, உழைப்பு என நீளும். அவற்றோடு நோயையும் பெற்றிருக்கிறோம் என்பதை மருத்துவ நூலார் கூறுகின்றனர். கால்நடையின் உடலில் வாழும் நுண்ணுயிர் மனிதனைப் பற்றும் ஆற்றலை எவ்வாறு அடைகிறது என்பது அறிவியலின் கேள்வி. அவ்வாறு பற்றும்போது பிழை எவருடையது, கடமை எவருடையது என்பது அறத்தின் கேள்வி. முன்னதை அறியாமல் பின்னதற்கு விடை கூற முற்படுவது, வழக்கைக் கேளாமல் தீர்ப்பு எழுதுவதை ஒக்கும். ஆதலின் இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க விழைகிறது இக்கட்டுரை.

போனக்காடு எழுப்பும் வினா

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு. அகத்தியர் கூடத்திற்கு மலையேறுவோர் புறப்படும் இடம் அது. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் பெயரைத் தாங்கிய அந்த 1868 மீட்டர் உயர மலையின் அடிவாரத்தில், ஆங்கிலேயர் காலத்தில் உருவான ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கொழுந்து பறிக்க வந்தவர்களின் வழித்தோன்றல்களான தமிழ்க் குடும்பங்கள், அக்காலத்தில் கட்டப்பட்டுச் சிதைந்துவிட்ட லயங்களில் வாழ்கின்றன. தொழிற்சாலையின் இயக்கம் நின்று, முறையான கூலியும் அற்றுப்போய் ஆண்டுகள் பல ஆயின. வேறிடம் செல்ல முடிந்தவர்கள் சென்றனர். முடியாதவர்கள் அங்கேயே இருக்கின்றனர்.

கூலி நின்ற மலைத்தோட்டத்தில் ஒரு கறவைப் பசு எத்தகைய துணை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் அதன் மடியே வழி. இத்தகைய இடங்களில் தொழுவம் என்பது வீட்டின் கூரையைச் சற்று நீட்டிக் கட்டிய பகுதியே ஆகும். இரவில் மழை பெய்தால் கன்று திண்ணைக்கு வரும். சாணம் அள்ளிய கையோடு உலை வைக்க நேரும். ஒருபுறம் காடு; அங்கிருந்து காட்டெருமையும் மானும் இறங்கிவந்து மேயும் அதே புல்லைத்தான் வீட்டு மாடும் மேய்கிறது. மனிதன், வீட்டு விலங்கு, காட்டு விலங்கு ஆகிய மூவரும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில் நுண்ணுயிருக்கு வேலி ஏது?

வந்து செல்லும் கிருமி

கால்நடைக் கிருமிகள் எல்லாம் மனிதனிடத்தில் ஒரே வகையாக நடந்து கொள்வதில்லை. சில விருந்தாளியைப் போல வருவன. மனித உடலைத் துன்புறுத்தும். ஆனால் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் வழியை அறியா. கன்று வீச்சு நோயை உண்டாக்கும் புருசெல்லா இவ்வகையைச் சேர்ந்தது. 1887இல் மால்டா தீவில், ஆங்கிலேயப் படைவீரரை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது வெள்ளாட்டுப் பாலில் வருகிறது என்பது புலப்பட மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஜம்மித் என்ற மருத்துவர் அதனை நிறுவினார். காலம் தாழ்ந்ததற்குக் காரணம், அந்த ஆடுகள் பார்வைக்கு நலமாகவே இருந்தமைதான்.

இது தொலைதூரத் தீவின் கதையன்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், நம் திருவனந்தபுரம் மாவட்டத்து வெம்பாயம் பகுதியில் இருவருக்கு இந்நோய் உறுதி செய்யப்பட்டது. காய்ச்சல் ஏறியும் இறங்கியும் வாரக்கணக்கில் நீடிக்கும், மூட்டுகள் வலிக்கும், சோர்வு விடாது. மருந்தும் ஆறு வாரம் விடாமல் உட்கொள்ள வேண்டும். நாள்கூலியை நம்பி வாழும் ஒருவர்க்கு ஆறு வாரம் என்பது எவ்வளவு நீண்ட காலம்!

இங்கு நம் மரபின் ஒரு நற்பழக்கத்தை நினைவுகூர்வது பொருந்தும். பாலைக் காய்ச்சாமல் குடிப்பது தமிழர் இல்லங்களில் அரிது. அடுப்பில் பொங்கிவரும் பால், புருசெல்லாவையும் காசநோய்க் கிருமியையும் ஒருசேர அழித்துவிடும். நம் பாட்டிமார் கிருமியின் பெயரை அறியாமலே தம் குடும்பத்தைக் காத்தனர். ஆனால் இந்தப் பாதுகாப்பு எவருக்குக் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பால் குடிப்பவரை அடுப்பு காத்தது. பால் கறப்பவரை எது காக்கிறது? சினை கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் புதைக்கும் பெண்ணுக்கு, அடுப்பின் தீ எவ்வகையிலும் உதவுவதில்லை. ஒரே பால்; இன்பம் பலருக்கு, இடர் ஒருவர்க்கு. நாம் ஆராயப் புகுந்த அறக்கேள்வியின் முதல் முடிச்சு இங்கேயே விழுந்துவிடுகிறது.

பழியை இடம் மாற்றிய ஆராய்ச்சி

காசநோயைப் பற்றி நீண்ட காலம் ஒரு கருத்து நிலவிற்று. மனிதன் மாட்டைப் பழக்கியபோது மாட்டின் காசநோய் மனிதனுக்குத் தாவி, பின்னர் மனிதக் காசநோயாக மாறியது என்பர். 2002ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆராய்ச்சி இக்கருத்தைப் புரட்டிப் போட்டது. மாட்டுக் காசநோய்க் கிருமி மனிதக் கிருமியின் தாயன்று; மரபுப் பொருளிற் பல பகுதிகளை இழந்து, பின்னால் கிளைத்த உறவே அது என்று பாரிசின் பாஸ்டர் நிறுவன அறிஞர்கள் காட்டினர். பல தலைமுறையாக மாட்டின் மீது நாம் சுமத்திவந்த பழி ஒன்று அன்று தளர்ந்தது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிகளிடமிருந்து பெற்ற 940 காசநோய் மாதிரிகளை ஆராய்ந்த முடிவு 2020இல் வெளியாயிற்று. மேலை நாடுகளில் பெயர்பெற்ற மாட்டுக் கிருமியான போவிஸ் அவற்றில் ஒன்றிலும் இல்லை. மாறாக, ஓரிஜிஸ் என்ற வேறொரு கிருமி 7 பேரிடம் இருந்தது. அரேபிய மான் ஒன்றின் பெயரைத் தாங்கிய இக்கிருமி, தெற்காசியாவில் மாடுகளிடமும் காட்டு விலங்குகளிடமும் காணப்படுவது. நேபாளத்தின் சித்வன் காட்டில் இறந்த காண்டாமிருகத்திலும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. 940இல் 7 சிறு எண்ணே. எனினும் பிறர் நாட்டு நூலைப் பார்த்து நம் நாட்டு நோயைத் தேடினால் எதிரில் இருப்பதும் கண்ணிற் படாது என்ற பாடம் அதிலுண்டு.

ஊருக்கேற்ற உடை

மூன்றாம் வகைக் கிருமியே நம் கேள்விக்கு நேர்விடை தருவது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்பது அதன் பெயர். நம்மிற் பலருடைய மூக்கில் அது தீங்கின்றிக் குடியிருக்கும். புண்ணில் புகுந்தால் சீழ் வைக்கும். குருதியிற் கலந்தால் உயிரையும் பறிக்கும். மாட்டுக்கு வரும் மடிநோய்க்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று அதுவே.

இக்கிருமி மாட்டிடம் எவ்வாறு சென்றது? மரபணுக்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டு 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதன் கால்நடையைப் பழக்கிப் பரப்பிய காலத்தோடு ஒட்டி, மனிதனிடமிருந்தே அது மாட்டினத்திற்குத் தாவியது என்று கூறுகிறது. அதாவது, கறக்கப் போன கையே கிருமியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. பின்னர் எடின்பரோ அறிஞர்கள் உலகெங்கிலுமிருந்து திரட்டிய ஏறத்தாழ 800 மாதிரிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு, இன்று மனிதரிடையே பரவியுள்ள சில வகைகள் பசுவிடமிருந்து திரும்பி வந்தவை என்று காட்டிற்று. கொடுத்தோம், பெற்றோம்.

இந்தப் போக்குவரவு நிகழும் முறை வியப்புக்குரியது. கிருமி இருபது முப்பது நிமிடத்தில் இரண்டாகப் பெருகவல்லது. ஒவ்வொரு முறை பெருகும்போதும் தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கிறது. கோடிக்கணக்கான படிகளில் சில எழுத்துப் பிழைகள் நேரும். பெரும்பாலானவை பயனற்றவை, புதிய உடலில் வாழ உதவும் பிழை ஒன்று நேர்ந்துவிட்டால், அதனை உடைய கிருமியே அங்குப் பெருகும். இதுமட்டுமன்று. கிருமியைத் தாக்கும் நச்சுயிர்கள், ஒரு கிருமியின் மரபுத் துண்டை மற்றொன்றிடம் சேர்த்துவிடுகின்றன. மனித உடலின் காவலை ஏய்க்கும் ஆற்றல் இக்கிருமிக்கு இத்தகைய நச்சுயிரின் வழியாகவே வந்தது. மாட்டிடமோ பன்றியிடமோ குடியேறும்போது அந்தத் துண்டு தேவையின்மையால் கழன்றுவிடுகிறது. மீண்டும் மனிதனிடம் வந்தால் அதனை மறுபடி பெற இடமுண்டு. ஊருக்கு ஏற்ப உடை மாற்றும் பயணியைப் போல என்று இதனைக் கூறலாம். கிருமிக்கு நோக்கம் கிடையாது, பகையும் கிடையாது. நாம் அமைத்துத் தரும் சூழ்நிலையில் எது பிழைக்கிறதோ அது பெருகுகிறது.

அந்தச் சூழ்நிலையில் நம் பங்கு யாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று கிடைத்தது. நெதர்லாந்து நாட்டில் பன்றி வளர்ப்போரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும், மெதிசிலின் முதலிய மருந்துகளுக்கு அடங்காத ஒருவகை ஆரியஸ் கிருமி காணப்படுவதாக 2005இல் செய்தி வெளிவந்தது. 19 நாடுகளிலிருந்து பெற்ற 89 மாதிரிகளின் மரபணுவைப் படித்த அறிஞர்கள், 2012இல் அதன் வரலாற்றை விளக்கினர். அது முதலில் மனிதனிடம் மருந்துக்கு அடங்கிய எளிய கிருமியாக இருந்தது. பின்பு கால்நடைக்குத் தாவிற்று. பண்ணைகளில் டெட்ராசைக்ளின் முதலிய மருந்துகள் தாராளமாக வழங்கப்பட்ட சூழலில், அம்மருந்துகளை வெல்லும் ஆற்றலைப் பெற்றது. அதன் பின்னர் அந்த ஆற்றலோடு பண்ணையாளரிடம் திரும்பிற்று. வீட்டை விட்டு வெறுங்கையோடு சென்ற பிள்ளை கத்தியோடு திரும்பியது போன்ற கதை இது. அந்தக் கத்தியைத் தீட்டியது நம் மருந்து.

தேரில் இருந்தவர் யார்?

இனி அறக்கேள்விக்கு வருவோம். போனக்காடு போன்ற ஒரு மலைத்தோட்டத்தில் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக் கொள்வோம். பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் மலைக்குக் கீழே இருக்கிறார். சென்ற முறை வாங்கிய ஊசி மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது. வீட்டுத் தலைவி அதனை ஏற்றுகிறாள். இரண்டாம் நாளே பசு தீவனம் எடுக்கிறது. மருந்தை நிறுத்திவிடுகிறாள். ஊசி போட்ட பின் சில நாள் பாலை விற்கலாகாது என்பது விதி. ஆனால் பாலைக் கொட்டினால் அந்த நாள்களில் அரிசி இல்லை. பாலும் விற்கப்படுகிறது. அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமி மடியில் எஞ்சுகிறது. இவள் செய்தது பிழையா?

பிழையே இல்லை என்று இரக்கத்தால் சொல்லிவிடலாம். ஆனால் கிருமி நம் இரக்கத்தைக் கேட்டு நிற்பதன்று. ஏழை போட்ட ஊசியானாலும் செல்வன் போட்ட ஊசியானாலும் தப்பிய கிருமி ஒரே வகையில்தான் பெருகும். அதன் முதற்பலியும் பெரும்பாலும் அவளுடைய கைப்புண்ணோ அவள் பிள்ளையின் உடலோ ஆகலாம். ஆகவே விளைவு இல்லை என்று சொல்வது அவளுக்கே செய்யும் தீங்கு. பிழை முழுதும் அவளுடையது என்று சொல்வதோ அதனினும் கொடிது.

இவ்விடத்தில் மனுநீதிச் சோழன் வரலாறு நினைவுக்கு வருகிறது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. துள்ளி வந்த கன்று தானே புகுந்தது. இருந்தும் மன்னன் நோக்கத்தைக் காட்டி வழக்கைத் தள்ளிவிடவில்லை. அவன் அளித்த தண்டனையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அக்கதை ஒரு கேள்வியை நம்மிடம் விட்டுச் செல்கிறது: தேரில் இருந்தவர் யார்? தேரை நிறுத்தும் ஆற்றலும் வேறு வழியிற் செலுத்தும் ஆற்றலும் எவரிடம் இருந்ததோ, பொறுப்பின் பெரும்பங்கு அவரையே சாரும். தேர்க்காலின் அருகே நின்றவரைச் சாராது.

அந்த அளவுகோலால் நம் வழக்கை அளந்து பார்ப்போம். லயத்துப் பெண்ணிடம் தேர் இல்லை. கூலியை நிறுத்திய ஏற்பாட்டிலும், மருத்துவர் மலையேறாத நிலைமையிலும், நோயுற்ற மாட்டின் பாலைக் கொட்டுவதற்கு ஈடு தராத வாணிகத்திலும் அவளுக்குக் கையில்லை. விரைவில் எடை கூட வேண்டும் என்பதற்காக நோயில்லாக் கோழிக்கும் மருந்து கலந்த தீவனம் இடும் பெரும்பண்ணையிடம் தேர் உண்டு. சட்டம் இயற்றும் அரசிடம் உண்டு. மலிவான பாலும் முட்டையும் மட்டும் வேண்டும், அவை வந்த வழி வேண்டாம் என்று கேட்கும் நம்மிடமும், சிறிதாயினும், ஒரு கடிவாளம் உண்டு.

நிறுத்த முடியும் என்பதற்குச் சான்று

தேரை நிறுத்தல் இயலாத காரியமன்று. மனிதருக்குக் கடைசித் துணையான கோலிஸ்டின் என்ற மருந்தை வெல்லும் மரபுத் துண்டு, கிருமிக்குக் கிருமி எளிதில் தாவக்கூடியது என்று 2015இல் சீனத்திலிருந்து செய்தி வந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான கால்நடை, கோழிகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போடப்படுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குறித்து மாநில அளவில் செயல்திட்டம் வகுத்ததில் கேரளமே இந்தியாவில் முதன்மையானது. அஃது 2018இல் நிகழ்ந்தது. நெதர்லாந்து நாடு 2009க்கும் 2020க்கும் இடையில் கால்நடைகளுக்கான இவ்வகை மருந்து விற்பனையை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைத்தது. அதனால் அந்நாட்டில் பண்ணைத் தொழில் அழிந்துவிடவில்லை.

சட்டம் மலையேறும் வரை நாம் செய்யக் கூடியவையும் உள. மருந்துக் கடையில் நின்று, மருத்துவர் சீட்டின்றி, "மூன்று மாத்திரை போதும்" என்று வாங்கிச் செல்லும் நகரத்தவர், லயத்துப் பெண் இடும் அரை ஊசியைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றனர். அவளுக்காவது அரிசி என்ற காரணம் இருக்கிறது. நமக்கு அவசரம் என்ற காரணம் மட்டுமே. கறவையாளர்க்குக் கையுறையும் தடுப்பூசியும் கிடைத்தனவா, நோயுற்ற மாட்டின் பாலைக் கொட்டுவோர்க்கு ஈட்டுத்தொகை உண்டா என்று கூட்டுறவுச் சங்கங்களிடமும் மக்கள் பேராளர்களிடமும் கேட்பது, பால் குடிக்கும் ஒவ்வொருவரின் கடமை. அதற்காகப் பாலின் விலை சிறிது கூடுமாயின், அந்தக் கூடுதலை நாம் முணுமுணுக்காமல் தருவதே முறை. இடரைச் சுமப்பவர்க்கு அதன் செலவையும் சேர்த்துச் சுமத்துவது வாணிகமாகலாம், அறமாகாது.

தொழுவத்தையும் இல்லத்தையும் பிரிக்கும் சுவர் நாம் எழுப்பியது. கிருமி அதனை அறியாது. மாட்டின் நலம், அதைக் கறப்பவரின் நலம், பாலைக் குடிப்பவரின் நலம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணும் வரை, ஒன்றில் நாம் விட்ட குறை மற்றொன்றில் நோயாக வந்து சேரும். ஆராய்ச்சி மணியை அசைக்கத் திருவாரூர்ப் பசுவுக்கு ஓர் அரண்மனை வாயில் இருந்தது. இன்றைய பசுவுக்கும் அதன் அருகே குந்தியிருந்து கறக்கும் கைக்கும் அவ்வாயில் எளிதாக இல்லை. அவர்கள் பொருட்டு அம்மணியை அசைக்கும் கடமை, காய்ச்சிய பாலை அச்சமின்றிக் குடிக்கும் நம் அனைவரையும் சார்ந்தது.